கினபாத்தாங்கான் ஆற்றோரம்: ஒரு போர்னியோ நாட்குறிப்பு

ஏப்ரல் 7, 2024 – பொள்ளாச்சி

கோடை விடுமுறைக்குப் போர்னியோ என்று முடிவாகிவிட்டது. உலகின் மூன்றாவது பெரிய தீவு; மலேசியா, இந்தோனேசியா, புரூணை மூன்றும் பங்குபோட்டு வைத்திருக்கின்றன. ஒரு விடுமுறையில் அத்தனையும் பார்க்க முடியாது. மலேசியாவின் சபா மாநிலம், அதிலும் கிழக்குப் பக்கம் மட்டும் போதும் என்பது என் தீர்மானம்.

பயண ஏற்பாட்டாளர்களிடம் விசாரித்தால் கினபாலு மலையேற்றம், சிப்பாடான் கடல், செலிங்கான் ஆமைத் தீவு, டானும் பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திணித்து அட்டவணை அனுப்புகிறார்கள். அப்படிப் போனால் வேனையும் விமான நிலையத்தையும்தான் பார்த்துவிட்டு வரலாம். எல்லாவற்றையும் அடித்துவிட்டு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்று செப்பிலோக், உராங்குட்டான் மறுவாழ்வு மையம் இருக்கும் ஊர். இன்னொன்று கினபாத்தாங்கான் ஆறு. சபாவிலேயே நீளமான ஆறு அது. 560 கிலோமீட்டர் ஓடிச் சூலூ கடலில் கலக்கிறது.

அக்காவும் அவர் மகனும் உடன் வருகிறார்கள். பையனுக்குப் பன்னிரண்டு வயது. வால்பாறைச் சோலைகளில் இருவாட்சிப் பறவையையும் சோலைமந்திக் குரங்கையும் பார்த்து வளர்ந்த வீடு எங்களுடையது. குரங்கு பார்க்கவா கடல் தாண்டுகிறீர்கள் என்று அம்மா கேட்கிறார். ஆமாம், குரங்கு பார்க்கத்தான்.

மாதம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். ஆறு கரையை விட்டு வெளியே வந்துவிடும். மார்ச் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். மே மாதம் நமக்கும் வசதி, காட்டுக்கும் வசதி.

மே 14 – கோத்த கினபாலு

திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து இரண்டரை மணி நேரம் பறந்து சபாவின் தலைநகரான இங்கே. உள்நாட்டு விமானம்தானே என்று இறங்கினால் மறுபடியும் குடிநுழைவு வரிசை, மறுபடியும் பாஸ்போர்ட்டில் முத்திரை. 1963இல் மலேசியாவோடு சேர்ந்தபோதே குடிநுழைவு அதிகாரத்தைச் சபா தன் கையில் வைத்துக்கொண்டது. நல்ல உறுதி. நிற்கும் கால்களுக்கு மட்டும் கொஞ்சம் சிரமம்.

அக்கா முட்டைகூடத் தொடாத சைவம். இந்த ஊர்ச் சாப்பாட்டில் கீரைப் பொரியலிலும் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும் என்று தெரியும். அதனால் முதலில் தேடியது மாமாக் கடையை. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளுக்கு மலேசியாவில் அதுதான் பெயர். ரொட்டிக் கல்லருகே நின்றவர் இராமநாதபுரத்துக்காரர். "வாங்கம்மா, ஊர் எது?" என்றார். அக்காவுக்குச் சைவம் என்றதும், மீன் குழம்பு படாத கரண்டி என்று எங்களுக்குக் காட்டிவிட்டே பருப்பை ஊற்றினார். நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் ஒன்று 2 ரிங்கிட். 2024 மே மாதக் கணக்கில் ஒரு ரிங்கிட் 18 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

மாலையில் கடலோரத்துப் பிலிப்பினோ சந்தையில் மாம்பழம் வாங்கினோம். ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. கடைத்தெருவெங்கும் கஅமத்தான் அறுவடைத் திருவிழாவின் தோரணங்கள்; மாதக் கடைசியில்தான் விடுமுறை, ஆனால் மே முழுவதும் கொண்டாட்டம்.

இரவு பத்து மணிக்குக் குறுஞ்செய்தி. செப்பிலோக்குக்குப் பக்கத்து நகரமான சண்டக்கானுக்கு நாளைக் காலை போக இருந்த விமானம் ரத்து. காரணம் சொல்லவில்லை. பணம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும் என்று மட்டும் சொன்னார்கள்.

மே 15 – பஸ்ஸில்

விடுதி வரவேற்பில் இருந்த பெண் கடசான் என்ற சபாப் பழங்குடிச் சமூகத்தவர். நாங்கள் பதறுவதைப் பார்த்து, "பஸ் இருக்கிறது, மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம்" என்று சிரித்தார். இனானம் நிலையத்துக்கு அவரே கார் பிடித்துக் கொடுத்தார். பஸ் டிக்கெட் ஆளுக்கு 50 ரிங்கிட்டுக்குள்தான்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஒரு மணி நேரம் ஏறியதும் மேகத்துக்கு மேலே சாம்பல் நிறத்தில் மொட்டைக் கல்லாகக் கினபாலு எழுந்து நின்றது. 4,095 மீட்டர். கீழே பச்சை, நடுவில் வெள்ளை, மேலே கல். அந்தக் கல்லில் கீறல் கீறலாய் நீர் வழிந்த தடங்கள்கூடத் தெரிந்தன. பத்து மணிக்குள் மேகம் மூடிவிடுமாம், மூடியும்விட்டது. விமானத்தில் போயிருந்தால் இது கிடைத்திருக்காது. குண்டசாங்கில் சாலையோரம் முழுக்க முட்டைகோசும் தக்காளியும் அடுக்கியிருந்தார்கள். குளிர் காற்று ஜன்னல் வழியே வந்தபோது அக்கா சால்வையைத் தேடினார்.

ரானாவ் தாண்டியபின் சாலை மாறிவிட்டது. தெலுப்பிட் பகுதியில் நெடுஞ்சாலை வேலை நடக்கிறது. பள்ளம், செம்மண், மரம் ஏற்றிய லாரி. பையன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். முன் இருக்கையில் இருந்த ஒரு பாட்டி, சொல்லாமல் கொள்ளாமல் தன் பையிலிருந்து தைல டப்பாவை எடுத்து அவன் நெற்றியிலும் தொப்புளிலும் தடவிவிட்டு, ஒரு புளிப்பு மிட்டாயை வாயில் போட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது.

செப்பிலோக் பிரிவில் எங்களை இறக்கிவிட்டபோது மாலை நான்கு. வெக்கை முகத்தில் அறைந்தது.

மே 16 – செப்பிலோக்

உராங்குட்டான் மையம் 1964இல் தொடங்கியது. காடு அழிந்து, தாயை இழந்து, கூண்டில் வளர்ப்புப் பிராணியாகக் கிடந்த குட்டிகளை மீட்டுவந்து, மரம் ஏறவும் கூடு கட்டவும் பழக்கி, பக்கத்துக் காட்டிலேயே விடுகிறார்கள். இந்த 2024இல் நுழைவு வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 30 ரிங்கிட், காமிராவுக்குத் தனியாக 10. அதே டிக்கெட்டில் காலை பத்து மணித் தீனியையும் பிற்பகல் மூன்று மணித் தீனியையும் பார்க்கலாம். பையை எல்லாம் வெளியே பூட்டிவைத்துவிட வேண்டும், கையிலிருந்தால் உராங்குட்டான்கள் பிடுங்கிக்கொள்ளுமாம்.

பத்து மணிக்கு மேடையைச் சுற்றி நூறு பேருக்கு மேல். ஊழியர் வாழைப்பழத்தைக் கொட்டினார். கயிறு ஆடியது. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். ஒரு தாயும் அதன் வயிற்றோடு ஒட்டிய குட்டியும். நான் கவனித்தது அதன் கையைத்தான். ஒரு பழத்தை எடுத்து, காம்பை உதட்டால் பிடித்து, தோலை நான்கு பக்கமும் விரித்து, உள்ளே இருந்ததைக் குட்டியின் வாயருகே கொண்டுபோனது. விரல் நுனியில் மனிதருக்கு இருப்பதுபோலவே ரேகை. அதே நேரம் பன்றிவால் குரங்குகள் கூட்டமாக வந்து மீதியை அள்ளிக்கொண்டு ஓடின.

பிற்பகல் தீனிக்கு ஒன்றும் வரவில்லை. கூட்டத்தில் பலருக்கு ஏமாற்றம். பணம் வீண் என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். எனக்கு அந்த வெற்று மேடைதான் பிடித்தது. காட்டில் பழம் கிடைக்கும் நாட்களில் அவை வருவதில்லை என்று ஊழியர் சொன்னார். வராமல் போவதற்காகத்தானே இத்தனை ஆண்டு உழைப்பு!

எதிரிலேயே சூரியக் கரடி மையம். உலகின் மிகச் சிறிய கரடி இது. மார்பில் மஞ்சளாக ஒரு பிறை, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வடிவம். வோங் சியூ தே என்ற மலேசிய உயிரியலாளர் 2008இல் நிறுவியது. 2014இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். செப்பிலோக் வருகிறவர்களில் பலர் இதைத் தவிர்த்துவிட்டுப் போகிறார்கள். தவிர்க்காதீர்கள். மரப்பட்டையை நகத்தால் பெயர்த்து, ஒரு சாண் நாக்கை உள்ளே விட்டுத் தேனீக் கூட்டைத் துழாவும் கரடியை அரை மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மே 17 – சுக்காவ்

வேனில் ஏறியதிலிருந்து செம்பனை. பாமாயில் மரம். இரண்டரை மணி நேரத்தில் பெரும்பகுதி வேறு எதுவும் இல்லை. மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே உயரம், ஒரே வரிசை. பையன் எண்ணத் தொடங்கி விட்டுவிட்டான். சபாவில் 15 லட்சம் ஹெக்டேருக்குப் பக்கம் செம்பனை நிற்கிறது. இந்தியா வாங்கும் பாமாயிலில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும்தான் வருகிறது. நம் ரேஷன் கடையில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் வாங்குகிறோமே, அதன் வேர் இந்த மண்ணில் இருக்கிறது. அக்கா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "நம் வீட்டு வடைச்சட்டி வரைக்கும் வந்துவிட்டதே, கண்ணு" என்றார் பிறகு.

சுக்காவ் ஆற்றங்கரைக் கிராமம். இங்கே ஒராங் சுங்காய் என்ற ஆற்றோர மக்களின் வீடு ஒன்றில் தங்குகிறோம். கட்டைக் கால்கள் மேல் நிற்கும் மரவீடு. உணவு, படகு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 480 ரிங்கிட். வீட்டு அம்மாவை மாக்சிக் என்று கூப்பிட வேண்டும், அவர் கணவரைப் பாக்சிக். பாக்சிக்தான் படகோட்டி.

தரையில் பாய் விரித்துச் சாப்பாடு, கையால் சாப்பிடுகிறார்கள். சைவம் என்று முன்பே சொல்லியிருந்தோம். அக்காவுக்குத் தனியாக ஒரு சின்னச் சட்டியில் சாயூர் மானிஸ் என்ற கீரையை வதக்கிவைத்திருந்தார் மாக்சிக். வெறும் பூண்டும் உப்பும், பெலாச்சான் கிடையாது. வாயில் வைத்ததுமே அக்கா நிமிர்ந்து பார்த்தார்: "இது தவசிக் கீரை." எங்கள் வீட்டு வேலியோரம் நிற்பதுதான். எங்களுக்கு ஆற்று இறால், என் முன்கை நீளம். மாக்சிக் அருகிலேயே உட்கார்ந்து, தட்டு காலியாகும் முன்னே சோறு வைத்தார்.

மூன்று மணிக்குப் படகு என்றிருந்தது. இரண்டரைக்கு மேகம் இறங்கியது, மூன்றுக்கு இடி. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கேட்கவில்லை. பாக்சிக் வானத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், படகை இன்னொரு கயிற்றாலும் கட்டிவிட்டு வந்தார். மின்னலில் ஆற்றில் போகமாட்டேன், நாளை இரண்டு சவாரியாகப் போவோம், கூடுதல் காசு வேண்டாம் என்று கையால் விளக்கினார். நாங்கள் கேட்கவே இல்லை.

மே 18 – ஆற்றில்

ஐந்தே முக்காலுக்கே வெளிச்சம். ஆறு பால் போட்ட காப்பி நிறத்தில், நேற்றைய மழையில் அடித்துவந்த மரக்கிளைகளோடு ஓடிக்கொண்டிருந்தது. மெனங்குல் என்ற கிளையாற்றில் நுழைந்ததும் பாக்சிக் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

இந்த ஒரு நாளில் பார்த்ததை எழுதினால் நம்பமாட்டீர்கள். போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நீள்மூக்குக் குரங்குகள், ஒரே மரத்தில் பதினேழு. ஆண் குரங்கின் மூக்கு வாயை மறைத்துத் தொங்குகிறது. இலையை வாய்க்குள் வைக்க அது மூக்கைப் புறங்கையால் ஒதுக்கிக்கொள்வதைப் பார்த்தோம். பானை வயிற்றுக்குக் காரணம் இலையை நொதிக்கவைக்கும் பல அறை இரைப்பை. பழுத்த இனிப்புப் பழம் அதற்கு ஆகாது. கரையில் கட்டை என்று நினைத்தது உவர்நீர் முதலை. தலைக்கு மேல் காண்டாமிருக இருவாட்சி இணை, கொண்டை சிவந்து மேல்நோக்கி வளைந்திருந்தது. சிறகடிக்கும் ஓசை நம் வால்பாறை இருவாட்சியுடையதேதான். போர்னியோவின் எட்டு வகை இருவாட்சிகளும் இந்த ஆற்றோரத்தில் இருக்கின்றன.

பிற்பகல் சவாரியில் பாக்சிக் திடீரென்று படகைத் திருப்பினார். அவர் காட்டிய அத்திமரத்தில் எனக்கு இலையைத் தவிர எதுவும் தெரியவில்லை. "சித்தி, அந்தக் கிளை மட்டும் ஆடுகிறது பாருங்கள்," என்றான் பையன். காட்டு உராங்குட்டான். மேடையும் கயிறும் வாழைப்பழமும் இல்லாத ஒன்று. முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு ஒரு கிளையை வளைத்து, ஒடித்து, காலடியில் வைத்து மிதித்தது. இன்னொன்று. ஒவ்வொரு முறிவும் ஆற்றின் குறுக்கே கேட்டது. கால் மணி நேரத்துக்குள் படுக்கை முடிந்தது. தினமும் இப்படிப் புதுக் கூடு. கடைசியில் ஒரு பெரிய இலைக்கொத்தை ஒடித்துத் தன் தலைமேல் போட்டுக்கொண்டது, தூறல் தொடங்கியிருந்தது.

ஏன் இவ்வளவு எளிதாக இத்தனையும் கண்ணில் படுகின்றன? பாக்சிக்கின் மகள் ஆங்கிலம் அறிந்தவர், இரவுச் சாப்பாட்டின்போது அவர்தான் விளக்கினார். இவற்றுக்கு ஆற்றோரத்தை விட்டால் வேறு இடம் இல்லை. கரைக்காட்டின் பின்னால் சில நூறு மீட்டர் நடந்தால் பல இடங்களில் செம்பனை. 2005இல் அறிவிக்கப்பட்ட கீழ்க் கினபாத்தாங்கான் சரணாலயம் சுமார் 26,000 ஹெக்டேர். அதுவும் ஒரே காடாக இல்லாமல் பத்துத் துண்டுகளாகக் கிடக்கிறது. மூன்று மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றின் கரையில் 20 மீட்டரைத் தோட்டமாக்காமல் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டின் சபா நீர்வளச் சட்டம் சொல்கிறது. இன்று காலை ஓரிடத்தில் செம்பனை ஓலை தண்ணீரில் தோய்ந்துகொண்டிருந்ததை நாங்களே பார்த்தோம். பயணிகளுக்கு விருந்தாக இருக்கும் இந்த நெருக்கம் அந்த விலங்குகளுக்கு நெருக்கடி. சோலைத் துண்டுகளுக்கு நடுவே தேயிலை பரந்திருக்கும் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தவளுக்கு இது புரியாத கதை இல்லை. வால்பாறைப் புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே சோலைமந்திகளுக்குத் தொங்கும் பாலங்களைப்போல இங்கும் கிளையாறுகளின் குறுக்கே உராங்குட்டான்களுக்குக் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள்.

பாக்சிக்குக்கும் சில ஏக்கர் செம்பனை உண்டு. மகள் படித்தது அதில்தான். அதையும் மறைக்காமல் சொன்னார். தோட்டமே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சட்டம் சொல்லும் அந்த 20 மீட்டரையாவது பெரிய தோட்டங்கள் திருப்பித் தர வேண்டும். அதற்குமேல் தந்தால்தான் யானை நடக்கும்.

யானை கிடைக்கவில்லை. போர்னியோ யானை மொத்தமே ஆயிரம் அளவில்தான் இருக்கின்றன. கரையில் புல் மிதிபட்டுக் கிடந்தது, சாணம் காய்ந்திருந்தது. கூட்டம் ஆற்றின் மேல்பக்கம் போய்விட்டதாகப் படகோட்டிகள் போனில் பேசிக்கொண்டார்கள்.

மே 19 – கோமந்தோங் குகை

விடைபெறும்போது மாக்சிக் அக்காவின் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தார். வாழைக்காய்ப் பொரியல், வழிக்கு.

சண்டக்கான் திரும்பும் வழியில் குகை. நேற்றைய மழையில் அட்டைகள் கிளம்பியிருந்தன. பையன் கணுக்காலில் இரண்டு. கிராமத்துக் கடையில் வாங்கிய கறுப்பு ரப்பர் ஷூ, தோட்டத் தொழிலாளர்கள் போடுவது, "அடிடாஸ் கம்புங்" என்று அதற்குச் செல்லப்பெயர், சகதியில் அருமையாகப் பிடித்தது. விலை பதினைந்து ரிங்கிட்டுக்குள். அட்டைக்கு மட்டும் அது போதாது, நீளக் காலுறை வேண்டும்.

சிமுத் ஹித்தாம் என்ற கறுப்புக் குகையின் கூரை வெகு உயரத்தில். வௌவால் எச்சத்தின் நெடி கண்ணை எரித்தது. மரப்பலகை நடைபாதை அந்த எச்சத்தால் வழுக்கியது. கைப்பிடியைப் பற்றலாம் என்றால் அதன்மேல் கரப்பான்பூச்சிகள் விளிம்பு தெரியாமல் மொய்த்துக்கொண்டிருந்தன. அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். பையன் குதூகலமாக உள்ளே ஓடினான். மேலே இருட்டில் பிரம்பு ஏணிகள் தொங்கின. உழவாரன் குருவிகள் எச்சிலால் கட்டும் கூட்டை எடுக்க, அந்த ஏணியில் உரிமம் பெற்ற ஆட்கள் ஏறுகிறார்கள். வெள்ளைக் கூட்டுக்குத்தான் அதிக விலை. கறுப்புக் கூட்டில் இறகு கலந்திருக்கும். அண்ணாந்து பார்க்கையில் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

மே 26 – பொள்ளாச்சி

வந்ததிலிருந்து உறவினரும் உடன் வேலை செய்பவர்களும் கேட்கிறார்கள், நாங்களும் போகலாமா என்று. போங்கள். இந்தியர்களுக்கு இப்போது, 2024இல், விசா வேண்டாம். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவத்தை மட்டும் நிரப்ப வேண்டும். செப்பிலோக்குக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். நீள்மூக்குக் குரங்குக்கென்று தீனி மேடை வைத்திருக்கும் இடங்களுக்கு அலைய வேண்டாம், ஆற்றில் தானாகவே கிடைக்கும். ஆற்றுக்குக் குறைந்தது இரண்டு இரவு கொடுங்கள். மழை ஒரு சவாரியைத் தின்றாலும் இன்னொன்று இருக்கும். மூன்றாவது இரவு இருந்திருந்தால் யானையும் கிடைத்திருக்கலாம். பெரிய விடுதிகளுக்குப் பதில் கிராமத்து வீடுகளில் தங்குங்கள். கரையில் காடு நிற்பதால் அந்த வீட்டுக்கு வருமானம் வந்தால்தான் அடுத்த தலைமுறை அதை வெட்டாமல் வைத்திருக்கும்.

சைவம் என்றால் பெலாச்சான் வேண்டாம் என்பதை மலாயில் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு, போனுக்கு நெகிழிப் பை, நீளக் காலுறை. உள்நாட்டு விமானத்தை நம்பினால், மறுநாளைக்கு எந்த முன்பதிவும் வைக்காதீர்கள். அக்டோபருக்குள் போய்விடுங்கள்; தள்ளிப்போனால் அடுத்த மார்ச் வரை பொறுங்கள்.